படங்களில் செருப்பு இல்லை: ஓர் அங் மோ கியோ வீட்டின் நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

சாவி கைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாலறை மறுவிற்பனை வீடு, 92 சதுர மீட்டர், எழுபதுகளின் கடைசியில் எழுந்த புளோக். இனி உள்ளே என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

இவர் பின்ட்ரெஸ்டில் படம் சேர்த்து வைத்திருக்கிறார், நான் இன்ஸ்டகிராமில். இன்று இரண்டு கைப்பேசிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆளுக்கொரு ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், ஆனால் இருவரும் சேர்த்தது ஒரே வீடு. வெள்ளைச் சுவர், வெளிர் ஓக் நிறப் பலகை, வளைந்த வாசல், மூலையில் ஒரு ஜாடியில் காய்ந்த புல். இங்கே இதற்கு ஜப்பாண்டி என்று பெயர், ஜப்பானும் ஸ்வீடன் பக்கத்து ஸ்காண்டிநேவியாவும் கலந்த பாணி. பத்து வருடத்துக்கு முன்னால் சிமெண்ட் சுவரும் கறுப்புக் குழாயுமாக இண்டஸ்ட்ரியல் என்று ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் ஒரு நாள் ஓடிப்போகும்.

சாப்பிட்ட பிறகு ஒரு விளையாட்டு. படங்களில் என்னவெல்லாம் இல்லை என்று தேடினோம். செருப்பு இல்லை. காயப்போட்ட துணி இல்லை. அரிசி மூட்டை, மின்விசிறி, குப்பைக்கூடை, பள்ளிப் பை, மருந்துப் பெட்டி, சாமி, எதுவும் இல்லை. ஆளே இல்லை என்பதைக் கடைசியில்தான் கவனித்தோம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, அகலக் கோண லென்ஸை இடுப்பு உயரத்தில் வைத்து எடுக்கிறார்கள். பத்தடி அறை பதினைந்தடியாகத் தெரிகிறது.

இதற்காகப் படமே பார்க்காமல் இருக்க முடியுமா? பார்ப்போம். ஆனால் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, பொருள்கள் எங்கே போயின என்ற இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பது என்று முடிவு. நான் சேர்த்ததில் பாதிக்கு மேல் இன்றிரவே போய்விட்டது.

ஜூன் 14, சனி

காலி வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு பகலைக் கழித்தேன். இவருக்குச் சிரிப்பு.

வீட்டு முகவர் "வடக்கு தெற்கு வீடு, வெயிலே வராது" என்று சொல்லித்தான் விற்றார். மேற்கு வெயில் வராது என்பது உண்மை, இங்கே நிறைய புளோக்குகளை அப்படித் திருப்பித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைதான் வடக்கே. ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே போகும். அதனால் இப்போது மாலை நாலரைக்குப் பிறகு கூடத்து வடக்கு ஜன்னலில் சாய்வாக ஒரு பட்டை வெயில் விழுகிறது. டிசம்பரில் அது சமையலறைப் பக்கம் வரும். சோபாவை எங்கே போடுவது என்பதை இந்தப் பட்டைதான் சொல்லப்போகிறது, ஸ்வீடன் படம் இல்லை. அங்கே வெளிச்சம் போதாமல் வெள்ளை அடிக்கிறார்கள். நமக்கு வெளிச்சம் போதும் போதும் என்கிற அளவு.

தரையில் உட்கார்ந்ததில் இன்னொரு லாபம். பழைய உரிமையாளர் போட்ட டெராசோ தரையைக் கிட்டத்தில் பார்த்தேன். சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து ஊற்றி, காய்ந்தபின் அரைத்துத் தேய்த்த தரை. மங்கிப் போயிருக்கிறது, விரிசல் ஒன்றிரண்டு, மற்றபடி திடம். திரும்ப மெருகேற்றினால் போதும் போலிருக்கிறது. இதே டெராசோ இப்போது "டிரெண்டில்" இருக்கிறது, தெரியுமோ? அதன் படத்தை டைலில் அச்சடித்து விற்கிறார்கள். அசலை உடைத்துவிட்டு அதன் படத்தை ஒட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஜூ சியாட். கூன் செங் சாலையில் வரிசையாக நிற்கும் பெரனாக்கான் (சீனமும் மலாயும் கலந்த பண்பாட்டுக் குடும்பங்கள், ஆண்களைப் பாபா என்பார்கள்) வீடுகளைப் படமெடுக்கக் காலையிலேயே கூட்டம். எல்லாரும் வீட்டின் நிறத்தைப் படமெடுத்தார்கள், நான் வாசலுக்குக் கீழே பதித்த ஓடுகளை.

மேடுபள்ளமாகப் பூ அச்சிட்டு, மேலே கண்ணாடிபோல் மெருகிட்டுச் சுட்டவை இந்த ஓடுகள். மஜோலிகா என்பார்கள். முதலில் இங்கிலாந்து, பெல்ஜியம் போன்ற நாடுகளிலிருந்து வந்தன. அப்புறம் 1920களிலும் 30களிலும் ஜப்பான் மலிவாகச் செய்து கப்பல் கப்பலாக அனுப்பியது. அதே ஜப்பான் ஓடுகள் இந்தியாவுக்கும் போயின, அங்கே விற்பதற்கென்று கிருஷ்ணர், லட்சுமி படம் போட்டுக்கூடச் செய்தார்கள். காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளின் சுவரிலும் மஜோலிகா உண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி என்ற கடைக்கூடத்தில் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் ஊருக்குக் கொண்டுபோன காலம் அது. ஆக, ஜூ சியாட் பாபாவும் காரைக்குடி ஆச்சியும் ஒரே தொழிற்சாலையில் செய்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்திருக்கலாம்.

இது தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. "நம்ம ஸ்டைல்" வேண்டுமா "சிங்கப்பூர் ஸ்டைல்" வேண்டுமா என்று அண்ணி கேட்டபடி இருந்தார். இரண்டுக்கும் நடுவே அவ்வளவு பெரிய வேலி ஒன்றும் இல்லை.

ஜூன் 28, சனி

நீல் சாலை 157, என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) பாபா வீடு. முன்பதிவு செய்துதான் போக வேண்டும். நீல நிற முகப்பு, 1890களில் கட்டிய வீடு.

உள்ளே நுழைந்ததும் என் கண் போனது அரைக்கதவுக்கு. பிந்து பாகார் என்கிறார்கள். பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டு, இடுப்புக்கு மேலே கொஞ்சம் வரும் இந்தக் குட்டைக் கதவை மட்டும் சாத்திக்கொள்வது. காற்று வரும், தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்துபோட்டு இரும்புக் கேட்டை மட்டும் பூட்டிவைக்கிறோமே, அதே யோசனைதான். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். கூடத்தைவிட அங்கே சற்றுக் குளிர்ச்சி. நம் அடுக்குமாடியில் முற்றத்துக்கு எங்கே போவது? ஆனால் முற்றம் செய்த வேலையை, அதாவது ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் போவதை, செய்யலாம். நடு அறைக் கதவுகளுக்கு மேலே பலகைக்குப் பதிலாகத் துளையிட்ட மரச் சட்டம் போட முடியுமா என்று குறித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைத் தூக்கிப் போடுவதாக இருந்தோம். சதுரமும் வட்டமுமாக அந்தக் காலத்து வேலைப்பாடு. துரு நீக்கிக் கரும்பச்சை அடித்தால் எந்தக் கடையிலும் கிடைக்காத கேட். அது இருக்கப்போகிறது.

ஜூலை 5, சனி

கடைகள். ஜாலான் புசாரில் டைலும் குழாயும், பாலஸ்டியரில் விளக்கு. கால் வலி.

பட்டுப்புடவை எடுக்கும்போது கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாரே அம்மா, அதைத்தான் டைல் கடையில் செய்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை. உள்ளே வெண்ணெய் நிறமாக இருந்தது வெளியே சாம்பல்.

விளக்குக் கடைகளில் முதலில் கேட்பது வடிவம் இல்லை, கெல்வின். 2700, 3000 என்றால் மஞ்சள் சாயல், 4000 நடுத்தரம், 6500 பளீர் வெள்ளை. அத்தைக்கு 6500 தவிர வேறு எதுவும் வெளிச்சமே இல்லை. இவருக்கு ஓட்டல் மாதிரி மஞ்சள் வேண்டும். ஒரே விளக்கில் மூன்று நிறமும் மாறுகிற வகை இருக்கிறது, குடும்ப அமைதிக்கு அதை வாங்கினோம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும், நிறக்காட்டு எண், பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருப்பார்கள். அது 90க்கு மேல் இருந்தால் குங்குமம் குங்குமமாகத் தெரியும், குறைந்தால் பழுப்படிக்கும். சாமி மேடைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

தோ பாயோ வீவக மையத்தில் மை நைஸ் ஹோம் கேலரி. புது வீடுகளின் மாதிரி அறைகளை நிஜ அளவில் வைத்திருக்கிறார்கள். பிடிஓ, அதாவது கட்டுமுன்னே பதிந்து வாங்கும் புது வீவக வீடு, வாங்குவோருக்கானது, ஆனாலும் அளவுநாடாவோடு யாரும் போகலாம். அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் விட்டால் ஆள் சாயாமல் நடக்கலாம் என்பதைப் படத்தில் கற்க முடியாது. ஐக்கியாவிலும் இதற்காகத்தான் சுற்றுவேன். மீட்பால் அப்புறம்.

அங்கேயே சமையலறைச் சண்டை தொடங்கிவிட்டது. இவருக்குத் திறந்த சமையலறை வேண்டும், சுவரை எடுத்துவிட்டு ஒரு மேடை. அத்தை ஒரே கேள்விதான் கேட்டார்.

"மீன் வறுக்கிற அன்னிக்கு சோபாவை எங்கேப்பா வைப்பே?"

இவர் புகைபோக்கி இருக்கிறதே என்றார். புகையை வெளியே தள்ளாமல் கரி வடிகட்டி வழியாகச் சுற்றி உள்ளேயே விடுகிற வகைதான் பல வீடுகளில். தாளிக்கும் கடுகுக்கும் காய்ந்த மிளகாய்க்கும் அது ஈடு கொடுக்காது. கடைசியில் ஒத்துக்கொண்டது: சுவரில் பாதியை எடுப்பது, அதுவும் வீவக அனுமதி கிடைத்தால், அந்த இடத்தில் நகரும் கண்ணாடிக் கதவு. தாளிக்கும்போது மூடு, மற்ற நேரம் திற. இதில் அத்தைக்கும் மகனுக்கும் தலா ஒரு வெற்றி.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. வேலையை இப்போது தொடங்கக்கூடாது என்று அம்மா, அத்தை இருவரும் ஒரே குரலில். அபூர்வம். ஆவணி 1, ஆகஸ்ட் 17. சரி என்று காண்ட்ராக்டர் அங்கிளுக்குப் போன் செய்தால், அவருக்கு வேறு பஞ்சாங்கம். ஆகஸ்ட் 23இல் சீனர்களின் ஏழாம் மாதம் தொடங்குகிறது, பேய் மாதம். "அதற்குள் முதல் சுத்தியல் அடித்துவிட வேண்டும், லா" என்கிறார். ஆக, ஆடி முடிந்து பேய் வருவதற்குள் ஆறு நாள். அந்த இடைவெளியில் ஆகஸ்ட் 18, திங்கள்கிழமை. இரண்டு தரப்புத் தெய்வங்களுக்கும் ஒப்புதல்.

அங்கிளிடம் படங்களைக் காட்டவில்லை. வீட்டுத் திட்டப்படத்தில் மாலை வெயில் விழும் இடம், செருப்பு கழற்றும் இடம், துணி காயும் இடம், பாட்டிகள் இறங்கி உட்காரும் உயரம் என்று குறித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவராகவே வாசலில் உட்கார்ந்து செருப்பு கழற்ற ஒரு திண்டு, அதன் அடியிலேயே செருப்புக்கு இடம் என்று வரைந்தார். நாங்கள் சேர்த்த எந்தப் படத்திலும் இது இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று உடைக்கத் தொடங்கியாயிற்று. சத்தமான வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறு கூடாது. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டிக்கு முன்கூட்டியே ஒரு கேக் கொடுத்து மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

டைல் போட வந்த தம்பிக்கு ஊர் சிவகங்கைப் பக்கம். ஆத்தங்குடிக் கல் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இரும்பு அச்சைக் கண்ணாடிமேல் வைத்து நிறச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காயவைத்து, சில நாள் தண்ணீரில் ஊறப்போடுவது. சூளையே கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

"கூடம் முழுக்க வேணாம்க்கா," என்றான். "கல்லு தடிமன், எடையும் ஜாஸ்தி. மஞ்சள் கொட்டுச்சுன்னா குடிச்சிரும்."

அவன் சொன்னது சரி. வீவக விதிப்படி தரைக்கல்லும் அதன் கீழ்ப் பூச்சும் சேர்த்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, இருக்கிற டெராசோமேல் போடவே வழியில்லை. டெராசோவுக்கு மெருகுதான் என்று முன்பே முடிவாயிற்று. அதனால் சாமி மேடைக்குப் பின்சுவரில் மட்டும் கொஞ்சம் ஆத்தங்குடிக் கல், ஊரிலிருந்து கார்கோவில் வருகிறது. மேடையை ஈசானிய மூலையில் வைக்க வேண்டும் என்று அத்தை, அந்த மூலையிலோ மின் பெட்டி. ஒரு முழம் தள்ளி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார்.

இனி பாக்கி சமையலறைச் சுவரின் நிறம். இவர் சாம்பல், அத்தை மஞ்சள், எனக்கு அந்தக் கேட்டின் கரும்பச்சையை இரண்டு பங்கு வெளிறவைத்த பச்சை. மூன்றுக்கும் சிறு டப்பா வாங்கியிருக்கிறோம். சனிக்கிழமை ஜன்னல் பக்கத்தில் ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று என்று அடித்துப் பார்த்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பார்ப்பதாகத் திட்டம். பச்சைதான் ஜெயிக்கும். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.