அக்கா மகளுக்கு ஐந்தாவது ஃபவுல்

மலேசியாவில், எங்கள் ஊர் சுங்கை சிப்புட் பசாரில் பழைய மாணவர்கள் யாரையாவது பார்த்தால், "டீச்சர், இன்னும் விசில் ஊதுறீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடுத்து, "உங்களை எப்படிப் பிடிச்சாங்க?" ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன அம்மாவுக்குப் பிறந்து, தொழிலாளர் லயத்து வாசலில் கண்ணாமூச்சி ஆடி வளர்ந்தவளுக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அதற்குப் பொருள். நியாயமான கேள்விதான்.

என்னைப் பிடிக்கத்தான் செய்தார்கள். நடுவர் பயிற்சிக்குப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்த வருடம், ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்குக் கோயில் திருவிழாப் பொறுப்பு. எனக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது, பிள்ளை இல்லை. நான்காம் படிவத்தில் உயரத்தைப் பார்த்து என்னைக் குழுவில் சேர்த்த கதையும் யாருக்கோ தெரிந்திருந்தது. போய் உட்கார்ந்தேன். விதிப் புத்தகத்தில் எழுத்துத் தேர்வு, 'பீப்' சத்தத்துக்கு 20 மீட்டர் ஓட்டம், பிறகு களத்தில் செய்முறை. செய்முறையில் மதிப்பெண் போட்டவர் என் விசிலைக் கேட்கவே இல்லை, என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்துக்குப் பின்னால் ஓடாதே, இரண்டு உடம்புக்கும் நடுவில் இருக்கும் சந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் நில் என்றார். அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

எந்த ஆட்டத்துக்கு யார் நடுவர் என்பதை ஏதோ பெரிய குழு கூடி முடிவு செய்கிறது என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். ஒரு நீள மேசை, பொட்டலம் மீ கோரிங், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு செயலாளர், அவ்வளவுதான். மாவட்டப் போட்டிக்கு முதலில் பார்ப்பது எந்தத் தலைமையாசிரியர் விடுப்புக் கடிதம் கொடுப்பார் என்பதை. அடுத்து, இரண்டு நாள் வகுப்பை யார் தலையில் கட்டுவது. பெண்கள் ஆட்டமென்றால் கிடைத்தவரை பெண் நடுவர். இரண்டு புதியவர்களை ஒரே ஆட்டத்தில் விடமாட்டார்கள், ஒரு பழைய கை கூட நிற்கும். இறுதியாட்டம் வந்தால் மாநிலச் சங்கத்தின் சான்றிதழ் வைத்திருப்பவர்களைத் தேடுவார்கள். படிப்பணமா? பெட்ரோல் போக இரண்டு தேத்தண்ணி குடிக்கலாம்.

நடுவருக்கு இரண்டு குழுக்களோடும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது என்று விதிப் புத்தகம் சொல்வது இத்தனைக்கும் பிறகுதான் மேசைக்கு வரும்.

இந்த ஊரில் அது எப்படி முடியும்? ஒருவர் அந்தப் பள்ளியில் படித்தவர், இன்னொருவர் அங்கே வேலை பார்த்து மாறுதலில் வந்தவர், மூன்றாமவரின் மைத்துனர்தான் எதிர்க்குழுவின் பயிற்றுநர். தோட்டத்தைத் துண்டாடியபோது லயத்தைவிட்டு டவுனுக்கு வந்த குடும்பங்கள் நான்கைந்து தாமானுக்குள்தான் (குடியிருப்புப் பகுதி) அடங்கிக் கிடக்கின்றன. யார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாலும் ஆட்டக்காரியின் அம்மா பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மாலை நேரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறான். தீபாவளிக்குக் கூப்பிட்டபோது முறுக்கை விட்டுவிட்டு இதைத்தான் பேசினோம். அங்கே ஆட்டங்களைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே ஆள் உண்டாம். பள்ளிகள் சேர்ந்த லீக் அவரை அமர்த்திக்கொள்கிறது. நடுவர்கள் வருடாவருடம் மாநிலச் சங்கத்தில் பதிந்து, விதித் தேர்வு எழுதி, வர முடியாத நாட்களை இணையத்தில் அடைத்து வைப்பார்கள். நாட்களை மட்டுமல்ல, பள்ளியையும் அடைக்கலாம். மகன் படிக்கும் பள்ளி, தம்பி பயிற்சி கொடுக்கும் பள்ளி என்று குறித்துவிட்டால் அந்த ஆட்டம் தேடி வராது. வந்த ஆட்டத்தை வேண்டாம் என்றும் சொல்லலாம். பருவ முடிவில் நடக்கும் பெரிய போட்டிகளுக்குச் சில மாநிலங்களில் பயிற்றுநர்கள் போட்ட மதிப்பெண்ணையும் பார்ப்பார்களாம். தோற்ற பயிற்றுநர் என்ன மதிப்பெண் போடுவார் என்று கேட்டேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான், அக்கா, திட்டு வாங்க முடியாமல் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றான். அங்கே ஆட்டம் எட்டு எட்டு நிமிடமாக நான்கு கால் பகுதி, நாங்கள் பத்து பத்து. திட்டு வாங்கும் நேரம் எங்களுக்கு எட்டு நிமிடம் கூடுதல்.

அவன் சொன்ன அந்த 'அடைத்து வைப்பது' எனக்கு ஏன் மனதில் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டி. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள், இறுதியாட்டம். வரவேண்டிய நடுவரின் கார் வழியில் நின்றுவிட்டது. நான் காலையிலேயே என் ஆட்டங்களை முடித்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். செயலாளர் வந்து, "சிக்கு, போலே தோலோங்?" என்றார், டீச்சர், உதவ முடியுமா என்று. ஒரு குழுவில் ஏழாம் எண் என் அக்கா மகள் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் எண்ணுவதுபோல் பார்த்தார். பிறகு, "இங்கே எல்லாருக்கும் யாராவது இருக்கிறார்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டு விசில் கயிற்றை என் கையில் வைத்தார். நான் சப்பாத்தை மாட்டினேன். அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

முதல் மூன்று பகுதியில் என்மேல் எனக்கே பெருமையாக இருந்தது. கடைசிப் பகுதியில் இரண்டு நிமிடம் மிச்சம், ஒரு புள்ளி வித்தியாசம், அக்கா மகளுக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல், ஐந்தானால் ஆட்டத்தைவிட்டு வெளியே. எதிர்க்குழுப் பெண் பந்தோடு வலப்பக்கமாகப் பாய்ந்து வருகிறாள். எங்கள் வீட்டுப் பிள்ளை வழியில் வந்து நின்றுவிட்டாள். இரண்டு காலும் தரையில். மோதல் நெஞ்சுக்கு நேராக. நான் நின்ற இடத்திலிருந்து சந்து பளிச்சென்று தெரிந்தது. அது சார்ஜிங், பந்தோடு வந்து மோதியவளின் தப்பு. முஷ்டியால் உள்ளங்கையில் குத்திக் காட்டியிருக்க வேண்டும். என் இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. பிளாக்கிங், வழி மறித்தவளின் தப்பு. போகும்போதே தெரியும், தப்பு என்று. ஆனால் பெற்றோர் வரிசையில் யாரோ என்னைக் காட்டி ஏதோ சொன்னதைச் சற்று முன்தான் பார்த்திருந்தேன். மேசைக்குப் போய் ஒரு கையில் ஐந்து, மறு கையில் இரண்டு விரல் காட்டினேன், ஏழாம் எண். அங்கே சிவப்பில் '5' அட்டை உயர்ந்தது.

அவள் அழவில்லை. வெளியே போகும்போது, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சின்னம்மா, என் காலு நின்னுச்சு" என்றாள்.

மூன்று புள்ளியில் தோற்றார்கள். நல்ல நடுவர், சொந்தம் என்று பார்க்கவில்லை என்று இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். அக்கா ஒரு மாதம் ஒன்றும் பேசவில்லை, பிறகு ரசம் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு நான் ஒரு தாள் எழுதிக்கொண்டு போனேன். நான் படித்த பள்ளி, வேலை பார்த்த இரண்டு பள்ளிகள், அக்கா பிள்ளைகளின் பள்ளி, நாத்தனார் மகனின் பள்ளி. செயலாளர் படித்துப் பார்த்து, மீதி மூன்று பள்ளிதான் இருக்கிறது, சிக்கு என்றார். அந்த மூன்றையே கொடுங்கள் என்றேன். அவர் பேனா மூடியைக் கடித்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தன்னுடையதை எழுத ஆரம்பித்தார். அது என்னுடையதைவிட நீளம்.

இப்போது பட்டியல் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் வருகிறது. பெயருக்குப் பக்கத்தில் யார் யாருக்கு எந்தப் பள்ளி ஆகாது என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆள் கிடைக்காதபோது அந்தக் கட்டத்தை மீறித்தான் போடுகிறார்கள், ஆனால் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பயிற்றுநர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அக்கா மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். போன விடுமுறையில் வந்தபோது, என் பழைய விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, சார்ஜிங் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.