பதினைந்து நாளில் எழுத வேண்டிய அறிக்கை

18 வயது நிரம்பாத பையன் செல்போன் பறிப்பிலோ பைக் திருட்டிலோ சிக்கிக்கொண்டால், அடுத்த சில வருடம் அவன் எங்கே இருப்பான் என்பதில் வக்கீலின் வாதத்தைவிட நன்னடத்தை அலுவலர் அவன் வீடு, படிப்பு, சகவாசம் பற்றி விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைக்குக் கனம் அதிகம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புதிதாகச் சேருகிறவர்கள் கவுன்சலிங்தான் இந்த வேலை என்று நினைத்து வருகிறார்கள். பாதி வேலை காகிதம், மீதி நடை.

முதலில் வயது. இளைஞர் நீதிச் சட்டம் 2015 பார்ப்பது குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதியில் இருந்த வயதை. பிடிபட்ட தேதி கணக்கில்லை. ஸ்டேஷனில் கேட்டால் பையனே 19 என்பான், பயத்திலோ கெத்துக்கோ. மீசையைப் பார்த்து வயது எழுதுகிறவர்களும் உண்டு. அப்படி எழுதிவிட்டால் பெரியவர்களோடு சேர்த்து ரிமாண்ட். பிரிவு 94 ஒரு வரிசை வைத்திருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. பள்ளியில் டிசி கேட்டு நாளை ஓட்ட வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பிறந்த தேதிக்குத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து, முத்திரையோடு சான்று வாங்குங்கள். எதற்கு என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். கேஸ் என்று தெரிந்தால் அதே பள்ளியில் படிக்கும் தங்கைக்கும் சேர்த்துப் பெயர் கெடும். தவறி ஜெயிலுக்கே போய்விட்டாலும், சிறார் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிரிவு 12-இல் பெயில்தான் விதி, ஜாமீனில் விடக்கூடாத குற்றமானாலும். ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். மறுக்க மூன்றே காரணங்கள்: தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும். முழு அறிக்கைக்கு 15 நாள் அவகாசம் இருந்தாலும், இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு முதல் நாளே கையில் இருக்க வேண்டும். பேட்டையில் கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்றால் வேறு ஊரில் இருக்கும் அத்தையின் சம்மதக் கடிதமும் முகவரிச் சான்றும் அதனோடு போகட்டும். பெயில் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாள் உள்ளேயே கிடந்தால், நிபந்தனையைத் தளர்த்தக் குழுமத்தின் முன் மறுபடி நிறுத்தியாக வேண்டும். கூலி வேலை பார்க்கும் அம்மா இரண்டு ஜாமீன்தாரருக்கு அலைந்துகொண்டிருக்க, இதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

இனி அறிக்கை. அதற்கான படிவம் 6-ஐ நிரப்புகிறவர்கள் கை பழகிப் போய் எழுதும் வரி: “தீய நண்பர்களின் சகவாசத்தாலும் பெற்றோரின் கண்காணிப்பின்மையாலும் சிறார் தவறிழைத்துள்ளார்.” இதை வைத்துக் குழுமம் என்ன செய்யும்? கண்காணிப்பில்லாத வீட்டுக்கு அனுப்பத் தயங்கத்தான் செய்யும். அதே வீட்டை இப்படி எழுதலாம்: “அம்மா மாலை 5 முதல் இரவு 11 வரை ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். எட்டாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு பையன் பள்ளிக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் தன் வீட்டில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்.” பிரச்சினையும் தீர்வும் ஒரே இடத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பகல் 11 மணிக்குப் போனால் பூட்டுதான் இருக்கும். இரவு 7 மணிக்கு மேல் போய்ப் பாட்டியிடம் பேசுங்கள். செல்போன் யார் வாங்கித் தந்தது, பைக் யாருடையது, எந்த வகுப்பில் எந்த மாதம் நின்றான் என்று கேளுங்கள்.

பைக் யாருடையது என்ற கேள்விக்கு ஒரு ‘அண்ணன்’ பெயர் வந்தால் அறிக்கையில் அது கட்டாயம் இருக்கட்டும். சிறாரைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்குப் பிரிவு 83-இன் கீழ் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பையனைப் பிடித்ததோடு கோப்பை மூடிவிட்டால் அதே அண்ணன் அடுத்த பையனைப் பிடிப்பான்.

விசாரணை முடிந்தபின் எச்சரித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, 3 ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பு எனக் குழுமத்திடம் பல வழிகள் இருக்கின்றன. தவறு செய்த சிறாரைத் தங்கவைக்கும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது பட்டியலின் கடைசியில்தான். கண்காணிப்பு என்றால் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போடுவது என்று ஆகிவிட்டது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. கஞ்சா, மாத்திரை என்று பழகியிருந்தால் அறிவுரை வேலைக்காகாது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போக வேண்டும். தனியாக அனுப்பினால் ஓபி சீட்டோடு திரும்பி வந்துவிடுவான்.

அடுத்தது படிப்பு. எட்டாம் வகுப்பு முடிக்காதவன் 12½ வயதுக்கு மேல் தனித்தேர்வராக ஈஎஸ்எல்சி என்ற எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். எட்டு பாஸ் என்றால் அரசு ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேர முடியும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 14½ வயது ஆகியிருக்க வேண்டும். இதில் பலர் கோட்டை விடுவது அறிவியல் செய்முறைப் பயிற்சியில். அதற்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த அறிவிப்பு வரும் நாளைப் பையனும் பார்க்கமாட்டான், வீட்டிலும் பார்க்கமாட்டார்கள். நீங்கள்தான் பார்த்துவைத்திருந்து, அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வேண்டும்.