ஒரே எழுத்துகள், வேறு வேறு குணம்: மொரீஷியசில் இங்கிலீஷ் சொற்களைப் படித்த விதம்

எஸ்.சி. (ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்), ஹெச்.எஸ்.சி. (ஹையர் ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்) என்ற நம் பள்ளிப் பரீட்சைகளுக்காக ஏ-யில் ஆரம்பித்து இசட் வரை வார்த்தைகளை உருப்போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அகராதி அந்த வரிசையில் இருப்பது தேடுவதற்குத்தான், படிப்பதற்கு அல்ல. நான் படித்தது எழுத்துக்கூட்டங்களை வைத்து. ஒரே எழுத்துகள் எந்தெந்த வார்த்தைகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்து, அவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு, அர்த்தத்தையும் சேர்த்துப் படிப்பது. இதைத் தமிழ்நாட்டு வழிகாட்டிகளும் சொல்வார்கள்தான், ஆனால் வீட்டில் பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி, பத்திரிகையில் பிரெஞ்சு, கோயிலிலும் பள்ளியிலும் கொஞ்சம் தமிழ் என்று வளர்ந்த நமக்கு எது சுலபம், எது கஷ்டம் என்பது அவர்களுக்கு இருப்பதற்கு நேர் தலைகீழ்.

'ஸ்பெக்ட்' என்ற கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் வேர் அது. இன்ஸ்பெக்ட் உள்ளே பார்ப்பது, ரெட்ரோஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது, ப்ராஸ்பெக்ட் முன்னே பார்ப்பது, அதனால் எதிர்கால வாய்ப்பு. சர்கம்ஸ்பெக்ட் என்றால் சுற்றிலும் பார்த்து நடப்பவர், அதாவது எச்சரிக்கையானவர். சஸ்பெக்ட் கீழேயிருந்து ஒரு மாதிரியாகப் பார்ப்பது, சந்தேகம் வந்துவிடுகிறது அல்லவா! இந்த வேர் சில இடங்களில் 'ஸ்பிக்' என்று வேஷம் மாற்றிக்கொள்ளும். கான்ஸ்பிக்யுவஸ் என்றால் எல்லார் கண்ணிலும் படுவது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் வரும் ஆஸ்பிஷஸ் கூட இந்தக் குடும்பம்தான். அதன் முதல் பாதி பறவை, இரண்டாம் பாதி பார்ப்பது. பழைய ரோமானியர்கள் பறவை பறப்பதைப் பார்த்துச் சகுனம் சொன்னார்கள். காக்கைக்கும் பல்லிக்கும் பலன் சொன்ன பாட்டிகளிடம் வளர்ந்த நமக்கு இது மறக்கவே மறக்காது.

இப்படி லத்தீன் வேர் உள்ள நீளமான வார்த்தைகளில் பாதிக்குமேல் பிரெஞ்சு வழியாக நமக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் அதில் அதிக நேரம் போடாதீர்கள். லொக்வேஷஸ் என்றால் ஓயாமல் பேசுகிறவர், எலக்வன்ட் என்றால் நன்றாகப் பேசுகிறவர். வேறு ஊர்ப் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டு படிக்கும் வார்த்தைகள் இவை, நமக்கோ பிரெஞ்சிலேயே இருக்கின்றன.

ஆனால் சொந்தக்காரர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு காலை வாருகிறவையும் இதே கூட்டத்தில்தான் இருக்கின்றன. சென்சிபிள் இங்கிலீஷில் விவேகமுள்ளவர், பிரெஞ்சில் எளிதில் மனம் நோகிறவர். டிசெப்ஷன் இங்கிலீஷில் ஏமாற்று வேலை, பிரெஞ்சில் ஏமாற்றமடைவது. ஈவென்சுவலி என்றால் கடைசியில் நடந்தே விட்டது, பிரெஞ்சு எவாந்துவெல்மான் நடந்தாலும் நடக்கலாம். மோசமான ஆள் டிமாண்ட். பிரெஞ்சில் தெமாந்தே என்றால் சாதாரணமாகக் கேட்பது, அந்த நினைப்பிலேயே தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் 'ஐ டிமாண்ட்' என்று போட்டால் அதட்டிக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ரெக்வெஸ்ட் என்று எழுதுங்கள். இவற்றுக்கென்று நோட்டில் தனிப் பக்கம் வையுங்கள், சிவப்பு மையில்.

எழுத்திலும் பிரெஞ்சு கெடுக்கிற இடம் ஒன்று உண்டு. ப்ரொசீட், எக்ஸீட், சக்ஸீட், இந்த மூன்றுக்கு மட்டும்தான் முடிவில் சி, இ, இ, டி. ப்ரிசீட் (முன்னே வருவது), ரிசீட் (பின்வாங்குவது) மாதிரி மற்றவை சி, இ, டி, இ. சூப்பர்சீட் மட்டும் தனிக்கட்டை, அதில் சி-க்குப் பதில் எஸ். பிரெஞ்சில் ப்ரொசேதே, ப்ரெசேதே இரண்டுக்கும் ஒரே மாதிரி எழுதுவதால் கை தானாக அங்கேதான் போகும்.

வேரை நம்பி மட்டும் அர்த்தம் ஊகிக்கவும் கூடாது. பெடஸ்ட்ரியனில் வரும் 'பெட்' லத்தீன் பாதம், பீடியாட்ரிஷியனில் வருவது கிரேக்கக் குழந்தை. அப்புறம், பெடஸ்ட்ரியன் எஸ்ஸே என்று பத்தியில் வந்தால் நடந்து போகிற கட்டுரை இல்லை, சுவையே இல்லாத சப்பைக் கட்டுரை. ஓர் எழுத்தில் ஆளை மாற்றுகிறவையும் உண்டு. அட்வர்ஸ் என்றால் பாதகமானது, புயல் காலத்தில் அட்வர்ஸ் வெதர் என்கிறோமே அது. டி இல்லாத அவர்ஸ் என்றால் ஒன்றில் மனம் இல்லாதவர்.

சரி, நேரத்தை எங்கே போடுவது? என்னைக் கேட்டால் ஓ, யூ, ஜி, ஹெச். இந்த நான்கு எழுத்துக்கும் பிரெஞ்சு ஒரு உதவியும் செய்யாது, ஏனென்றால் இந்த வார்த்தைகள் இங்கிலீஷின் பழைய சொந்தச் சொத்து. அந்த ஜி-ஹெச் முன்னொரு காலத்தில் தொண்டையிலிருந்து வந்த ஒலி; பிற்பாடு சில வார்த்தைகளில் ஊமையாகிவிட்டது, சிலவற்றில் எஃப் ஆகிவிட்டது. அதனால்தான் தோ என்றால் 'ஆனாலும்', த்ரூ என்றால் 'ஊடாக', தரா என்றால் 'முழுமையான', தாட் என்றால் 'எண்ணம்', டஃப் என்றால் 'கடினமான' என்று எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் நிற்கின்றன. காதால் படித்தால் குழம்பும், கண்ணால் படியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நம் ஊர் வாக்கியம் ஒன்று சொந்தமாக எழுதுங்கள். தால்பூரிக்குப் பிசைந்த மாவு டோ. மார் ஓ வக்வா நீர்த்தேக்கம் வற்றிப்போனால் ட்ரவுட். மாமரக் கிளை பௌ. பாட், ப்ராட் இரண்டும் குழப்பினால் ப்ரிங்கில் ஆர் இருக்கிறது, அதன் இறந்தகாலத்திலும் பி-க்கு அடுத்து ஆர் வரும். பை என்பதில் ஆர் இல்லை, அதன் இறந்தகாலத்திலும் இல்லை.

புட் ஆஃப், புட் அப் வித் மாதிரி குட்டி வார்த்தைகள் சேர்ந்து வருபவையும் நமக்கு இதே ரகத் தலைவலி. போஸ்ட்போன், டாலரேட் என்று எழுதித் தப்பித்துவிடுவோம், ஆனால் காம்ப்ரிஹென்ஷன் பத்தியில் அவை வரும்போது தப்பிக்க முடியாது. 'புட்' என்பதற்கு ஒரு பக்கம், 'கெட்' என்பதற்கு ஒரு பக்கம், 'டேக்' என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பரீட்சைக்கு முந்தின இரவு முழு நோட்டையும் புரட்டாதீர்கள். ஓ-யூ-ஜி-ஹெச் பக்கம், இந்தக் குட்டி வார்த்தைப் பக்கங்கள், சிவப்பு மைப் பக்கம், இவற்றை மட்டும் பார்த்துவிட்டுப் படுங்கள்.