இரு கணினிகளில் நெசஸ்
நாகர்கோவிலில் நான் பராமரிக்கும் சிறு அலுவலக நெட்வொர்க்கின் பலவீனங்களைக் கண்டறிய, விண்டோஸ், உபுண்டு கணினிகள் இரண்டிலும் நெசஸ் ஸ்கேனரைச் சென்ற வாரம் நிறுவினேன். விண்டோஸில் கோப்பை இருமுறை சொடுக்கி, வரும் சாளரங்களுக்கு ஒப்புதல் தந்தாலே வேலை முடிந்துவிடுகிறது. உபுண்டுவிலோ டெப் (.deb) நிறுவல் கோப்பை டிபிகேஜி (dpkg) கட்டளையால் நிறுவிய பின், பின்னணியில் ஓடும் நெசஸ்டி (nessusd) சேவையை நாமே தொடங்கிவைக்க வேண்டும். அதை மறந்துவிட்டு, பிரவுசரில் 8834 ஆம் போர்ட்டில் நெசஸ் பக்கம் ஏன் திறக்கவில்லை என்று அரை மணி நேரம் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருந்தேன். திறந்ததும் பிரவுசர் காட்டிய சான்றிதழ் எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அது நெசஸ் தனக்குத் தானே வழங்கிக்கொள்ளும் சான்றிதழ்.

பொறுமையைச் சோதிப்பது, பிளக்-இன்கள், அதாவது பலவீனங்களைச் சோதிக்கும் சிறு நிரல்கள், இறங்கித் தொகுக்கப்படும் நேரம்தான். அடைமழையில் மின்சாரம் இருமுறை போனதால், யுபிஎஸ் இல்லாத உபுண்டு கணினி இருமுறையும் பாதியில் அணைந்தது. முதல் ஸ்கேனின்போது பிரிண்டர்களைச் சேர்க்கவில்லை. சில பழைய பிரிண்டர்கள் ஸ்கேன் செய்தால் தாள் தாளாகக் குப்பை எழுத்துகளைக் கக்கும்.