ரவுட்டரில் பல சிபியு, கிராஃபில் ஒன்று

வேலூர் வட்டாரத்தில் கேபிள் ஆபரேட்டர்களுக்கு இணையமும் ஐபிடிவியும் (நெட்வொர்க் வழியே வரும் டிவி) கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் பார்க்கிறேன். காட்பாடியில் இருக்கும் மைய ரவுட்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிஸ்கோ 7600. சேஸிஸில் கார்டு கார்டாகச் செருகும் வகை. கொஞ்ச நாளாக, ராத்திரி ஏழு மணியானால் சத்துவாச்சாரி பக்கம் சேனல்கள் உடைய ஆரம்பித்தன. "தம்பி, படம் கட்டம் கட்டமா நிக்குது, உங்க ரவுட்டரப் பாருங்க" என்று ஆபரேட்டர் போன் செய்வார். மானிட்டரிங் கிராஃபைத் திறந்தால் ரவுட்டரின் சிபியு 15 சதவீதத்தில் சாவகாசமாக இருக்கும்.

அந்த கிராஃப் கேட்டுக்கொண்டிருந்தது 1.3.6.1.4.1.9.2.1.58 என்ற பழைய ஓஐடியை. (சாதனங்களின் நிலவரத்தைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி முறையில், ஒவ்வொரு அளவுக்கும் உள்ள எண் முகவரிதான் ஓஐடி.) ஐந்து நிமிடச் சராசரியை ஒற்றை எண்ணாகத் தரும். ஒரே சிபியு உள்ள ரவுட்டருக்கு அது போதும். ஆனால் 7600இன் சூப்பர்வைசர் கார்டிலேயே (ரவுட்டரை நடத்தும் முதன்மை கார்டு) இரண்டு சிபியு உண்டு. ரூட்டிங்குக்கு ஆர்பி (ரூட் பிராசசர்), ஸ்விட்சிங் வேலைகளுக்கு எஸ்பி (ஸ்விட்ச் பிராசசர்). டிஎஃப்சி (பாக்கெட்டுகளை அந்த கார்டிலேயே கையாளும் துணை கார்டு) உள்ள லைன் கார்டுகளுக்கும் (போர்ட்டுகள் இருக்கும் கார்டுகள்) சொந்தமாக சிபியு இருக்கிறது. பழைய ஓஐடியில் தெரிவது ஆர்பி மட்டும்தான். உள்ளே நுழைந்து 'ஷோ பிராசஸ் சிபியு' கொடுத்தாலும் அதே ஆர்பி கணக்குதான் வரும். எஸ்பியைப் பார்க்க முன்னால் 'ரிமோட் கமாண்ட் ஸ்விட்ச்' சேர்க்க வேண்டும்.

சரி என்று 1.3.6.1.4.1.9.9.109.1.1.1.1 அட்டவணையை எஸ்என்எம்பி வாக் செய்தேன், அதாவது அதிலுள்ள மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு எடுத்தேன். சிபியுவுக்கு ஒரு வரிசை வீதம் வந்தது. 6, 7, 8 ஆகிய பத்திகளில் முறையே ஐந்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடச் சராசரி. (3, 4, 5 பத்திகளும் அதையேதான் சொல்லும், ஆனால் அவை கைவிடப்பட்டவை.) எந்த வரிசை எந்த கார்டு என்பது இதில் இல்லை. 2ஆம் பத்தியில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டு என்டிட்டி மிப் என்ற, சாதனத்தின் பாகங்களைப் பட்டியலிடும் அட்டவணையில் 1.3.6.1.2.1.47.1.1.1.1.7 பக்கம் போனால் பெயர் கிடைக்கும். சில சாதனங்களில் அந்த எண் 0 என்றே வரும். அப்போது கன்சோலில் தெரியும் அளவோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

பெயர் போட்டு வரைந்த முதல் ராத்திரியே விஷயம் வெளிச்சமானது. ஆர்பி அதே 15இல் இருக்க, எஸ்பி 90ஐத் தாண்டி நின்றது. ஐஜிஎம்பி என்பது சேனலைக் கேட்டு செட்டாப் பாக்ஸ் அனுப்பும் செய்தி. அதைப் பார்த்து எந்த போர்ட்டுக்கு எந்த சேனல் என்று முடிவு செய்யும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கைக் கவனிப்பது எஸ்பிதான். ஒரு லாட்ஜின் ஸ்விட்சில் கேபிள் லூப்பாகி, சேனல் மாற்றும் ஒவ்வொரு ஐஜிஎம்பி செய்தியும் பெருகி வந்துகொண்டிருந்தது. டிவி போடும் நேரத்தில் மட்டும் தொல்லை வந்ததற்கும் அதுவே காரணம். கேபிளைப் பிடுங்கியதும் எஸ்பி இறங்கிவிட்டது.

அப்புறம் இரண்டு மாற்றங்கள் செய்தேன். வரிசை எண்ணை நம்பி கிராஃப் வரைவதை விட்டு, பெயரை வைத்து ஒவ்வொரு முறையும் தேடும்படி எழுதினேன். கார்டு மாற்றி ரீலோடு செய்தால் எண்கள் இடம் மாறக்கூடும். லைன் கார்டின் கணக்கு எஸ்பி தலையில் ஏறும். இரண்டாவது, 8ஆம் பத்திக்குப் பதில் 7ஐ நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன். ஐந்து நிமிடச் சராசரியில் ஒரு நிமிட உச்சம் கரைந்துபோகிறது.

இதையே செய்ய நினைப்பவர்கள் மானிட்டரிங் மென்பொருளின் தானியங்கித் தேடலைக் கொஞ்சம் கவனியுங்கள். அது ரூட்டிங் டேபிள் முழுவதையும் வாக் செய்யக் கிளம்பினால் 'எஸ்என்எம்பி எஞ்சின்' என்ற பிராசஸே ஆர்பியைத் தின்னும். முழு பிஜிபி டேபிள் (இணையம் முழுவதற்குமான வழிகளின் பட்டியல்) உள்ள ரவுட்டரில் கேட்கவே வேண்டாம். நான் எஸ்என்எம்பி வியூ (எந்தெந்த ஓஐடிகளைக் கேட்கலாம் என்ற வரம்பு) போட்டு அந்தக் கிளையை மறைத்துவிட்டேன். படிக்க மட்டும் அனுமதி, அதுவும் மானிட்டரிங் சர்வரின் ஐபிக்கு மட்டும்.