கோமாளி மீன் குஞ்சு வளர்ப்பு: நான்காம் தொகுதி முட்டையின் நாட்குறிப்பு

இடம்: பினாங்கு, ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு அறை மூலை. ஜோடி: ஒசெல்லாரிஸ் வகை, பெண் 8 செ.மீ., ஆண் 5.5 செ.மீ. தாய்த்தொட்டி 90 லிட்டர், வெப்பம் 27.5 டிகிரி, உப்படர்த்தி 1.025.

கோமாளி மீன் முட்டை வைப்பதில் சாதனை எதுவும் இல்லை. வயிறு நிறையத் தீனி, சுத்தமான நீர், சாய்த்து வைத்த ஒரு மண் பூச்சட்டி, இவ்வளவு போதும். ஜப்பான் பக்கம் கிளார்க்கி வகை வெதுவெதுப்பான மாதங்களில் மட்டும் முட்டை வைக்கும். நம் கடலில் நீர் ஆண்டு முழுக்கச் சூடு, பருவம் என்ற பேச்சே இல்லை. இந்த ஜோடி 13 நாளுக்கு ஒருமுறை வைக்கிறது. குஞ்சு தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது மீன் அல்ல, பக்கத்தில் இருக்கும் ரோட்டிஃபர் வாளி. ரோட்டிஃபர் என்பது குஞ்சின் முதல் தீனியான, நீரில் வாழும் நுண்ணிய உயிர்.

ஆண் பெண் பார்த்து வாங்க வேண்டிய கவலையும் இல்லை. எல்லாக் குஞ்சும் முதலில் ஆண்தான். அளவில் வேறுபட்ட இரண்டைச் சேர்த்து விட்டால் பெரியது பெண்ணாகிவிடும். நாசி கண்டார் கடையில் குழம்போடு வரும் சியாக்காப்பும் (நம் கொடுவா) இதே கணக்கு, ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும். கெராப்பு (களவா) நேர்மாறு.

முட்டைக்கு 14 நாள் முன்பு: வாளி வேலை

விருந்தாளி வாசலுக்கு வந்த பிறகு உலை வைத்தால் ஆகாது. முதல் தொகுதி அப்படித்தான் போனது: முட்டையைப் பார்த்த பிறகு ரோட்டிஃபர் வாங்கினால், அது பெருகுவதற்குள் குஞ்சின் மஞ்சள் கரு தீர்ந்து, மூன்றாம் நாள் தொட்டி காலி.

வாளி அ, வாளி ஆ, இரண்டிலும் 15 லிட்டர். உப்பு ஆயிரத்துக்கு 25, காற்றுக்கல் இல்லாமல் வெறும் குழாயால் பெரிய குமிழ். தீனி நானோகுளோராப்சிஸ் பாசி. காலையில் ஊற்றிய பச்சை மாலைக்குள் தெளிந்துவிட்டால் இன்னும் கொஞ்சம். மறுநாளும் அடர்பச்சையாகவே கிடந்தால் ஏதோ கோளாறு. எண்ணுவதற்கு 1 மில்லி நீர், அதில் ஒரு துளி அயோடின் மருந்து. அசையாமல் நின்றுவிடும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் எண்ணலாம்.

கணக்கு எளிது. குஞ்சுத் தொட்டியில் நீர் 20 லிட்டர். மில்லிக்கு 10 ரோட்டிஃபர் வேண்டும். ஆக 2 லட்சம். மில்லிக்கு 100 உள்ள 15 லிட்டர் வாளியில் 15 லட்சம் இருக்கும். தினம் நாலில் ஒரு பங்கு, அதாவது 3,75,000 அறுவடை செய்தாலும் வாளி தாங்கும். அறுவடை 53 மைக்ரான் சல்லடையில். வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அம்மோனியா முழுக்க அதில்தான்.

இரண்டு வாளி ஆடம்பரம் அல்ல. ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் விழும், அதாவது உள்ளே இருக்கும் ரோட்டிஃபர் மொத்தமாகச் செத்துவிடும். முந்தின நாளே அடையாளம் தெரியும்: மேலே நிற்கும் நுரை, புளித்த வாடை, உடம்பில் முட்டை ஒட்டாத ரோட்டிஃபர்கள். பாசி வளர்க்கும் புட்டிக்கும் வாளிக்கும் ஒரே குழாய், ஒரே கரண்டி கூடவே கூடாது. ஒரு துளி ரோட்டிஃபர் தப்பிப் போனால் பச்சைப் புட்டி சில நாளில் தண்ணீராகிவிடும். பால்கனி வெயிலிலும் பாசி வெந்துவிடுகிறது. வீட்டின் குளிர்ந்த மூலையில், தரையில், குழல் விளக்குக்குக் கீழே வைத்த புட்டிதான் நிலைத்தது. இந்த வேலை வேண்டாம் என்றால் குளிர்பெட்டியில் வைக்கும் கெட்டிப் பாசிக் குழம்பு வாங்கலாம். காசுதான் கொஞ்சம் கடிக்கும்.

முட்டை, 1 முதல் 8ஆம் நாள் வரை

மாலை 5 மணி வாக்கில் முட்டை. புகைப்படம் எடுத்து எண்ணியதில் சுமார் 280. முதலில் செம்மஞ்சள், நான்காம் நாள் பழுப்பு, ஏழாம் நாள் வெள்ளிக் கண்கள். ஆண் ஓயாமல் விசிறும், வெளுத்த முட்டையைத் தின்றுவிடும். தடுக்கத் தேவையில்லை, பூஞ்சை பரவாமல் காப்பதே அதுதான்.

எட்டாம் நாள் மாலை கண்கள் கண்ணாடிபோல் மின்னின. விளக்கணைக்கும் முன் சட்டியைத் தாய்த்தொட்டி நீரோடு வாளியில் மூழ்கடித்து, குஞ்சுத் தொட்டிக்கு மாற்றியாயிற்று. தொட்டியில் இருப்பதும் அதே நீர்தான். முட்டைப் பக்கத்தை உரசிக்கொண்டு குமிழ் ஏறும்படி குழாய். ஆண் விசிறும் வேலையை இனி அது செய்யும். பிறகு கும்மிருட்டு, மேலே துணி. ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாம் பொரித்தன. எட்டிப் பார்க்கும் ஆசையில் கைவிளக்கு அடித்தால் பொரிப்பு பாதியில் நின்றுபோகும்.

குஞ்சு, 1 முதல் 5ஆம் நாள் வரை

நான்கு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டிய தொட்டி. ஒட்டாவிட்டால் கண்ணாடியில் தெரியும் வெளிச்சத்தை நோக்கி முட்டி முட்டியே சாகும். வெளிச்சம் மேலிருந்து மட்டும், மங்கலாக, 16 மணி நேரம். கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும் என்பதால் இருட்டில் பட்டினி. தொட்டியின் அடி மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பச்சை நீர். இது ரோட்டிஃபருக்குத் தீனி, குஞ்சுக்குத் திரை. காற்று நொடிக்கு ஒரு குமிழ். வயிறு வெள்ளையாகப் புடைத்திருந்தால் தின்கிறது என்று பொருள்.

நீர்மேல் எண்ணெய்ப் படலம் தினமும் வரும். சமையலறைத் தாளைப் பரப்பித் தூக்கினால் போய்விடும்.

மூன்றாம் தொகுதி நான்காம் நாள் செத்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறது. காலையில் விளக்கைப் பட்டென்று போட்டதும் குஞ்சுகள் சுருண்டு துடித்து அடியில் விழுந்தன. நானோகுளோராப்சிஸில் இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு உண்டு, டி.ஹெச்.ஏ. என்ற இன்னொரு ஒமேகா-3 கொழுப்பு அறவே குறைவு, அந்தப் பாசியை மட்டும் தின்ற ரோட்டிஃபரில் அந்தக் குறை அப்படியே குஞ்சுக்குப் போகிறது, சின்ன அதிர்ச்சியையும் உடம்பு தாங்குவதில்லை. இம்முறை அறுவடைக்கு முன் ஐசோகிரைசிஸ் பாசியை ஊட்டியும், அறை விளக்கை முதலில், தொட்டி விளக்கை அரை மணி கழித்துப் போட்டும் ஒன்றுகூடத் துடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்ததால் பெருமை எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

குஞ்சு, 6 முதல் 12ஆம் நாள் வரை

இரண்டாம் தொகுதி ஒன்பதாம் நாள் இங்கேதான் போனது, காரணம் அம்மோனியா. நீரின் பி.ஹெச். 8.2, வெப்பம் 28 என்றால் கொஞ்ச அம்மோனியாவும் நஞ்சு. ஆறாம் நாள் முதல் தினம் 3 லிட்டர் மாற்றம். அடியழுக்கை மெல்லிய குழாயால் வெள்ளை வாளிக்குள் உறிஞ்ச வேண்டும். தவறி வந்த குஞ்சு வெள்ளையில் தெரியும், கிண்ணத்தால் திருப்பி விடலாம். வலை வேண்டவே வேண்டாம். புது நீர் காற்றுக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக. பத்து ஃபிரிங்கி கடற்கரையில் அள்ளிய கடல்நீர் கலங்கல், அதில் குஞ்சைத் தின்னும் உயிர்களும் கூடவே வரும். குளோரின் நீக்கிய குழாய் நீரில் லிட்டருக்குச் சுமார் 36 கிராம் செயற்கை உப்புதான் நம்பகம்.

ஏழாம் நாள் முதல் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால்), ரோட்டிஃபரோடு கலந்து. நம் ஊர் வெப்பத்தில் சூடேற்றி இல்லாமலே ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, அடியில் விளக்கு வைத்தால் உயிருள்ளவை கீழே கூடும், ஓடு மேலே மிதக்கும். ஓடு குஞ்சின் குடலை அடைக்கும். இரண்டாம் தொகுதிக்கு ஐந்தாம் நாளே கொடுத்ததில் சின்னக் குஞ்சுகள் வயிறு சிவக்கத் தின்று செத்தன, செரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தலைப்பட்டை, பதினொன்றாம் நாள் நடுப்பட்டை. அதுவரை நீர் நடுவில் திரிந்தவை அடிக்கு இறங்கி, உடம்பை ஆட்டி ஆட்டி நீந்தத் தொடங்கின. பன்னிரண்டாம் நாள் தாய்த்தொட்டியில் ஊறப்போட்டிருந்த பஞ்சு வடிகட்டி உள்ளே வந்தது.

21ஆம் நாள்

எண்ணிக்கை 83. பொடித்த உலர் தீனி நாளைக்கு ஐந்து வேளை. இரண்டுக்குச் செவுள் மூடி குட்டை, நான்குக்கு நடுப்பட்டை பாதி. வளரலாம், ஜோடி சேர்க்க எடுக்கக்கூடாது. போன வாரம் மின்சாரம் போனபோது பேட்டரிக் காற்றிறைப்பி நாற்பது நிமிடம் தாங்கியது.

ஐந்தாம் தொகுதியைத் தொடவில்லை, தொட்டி காலியில்லை. ஆறாம் தொகுதி சட்டியில் ஏறி மூன்று நாள் ஆகிறது. வாளி அ போன செவ்வாய் விழுந்தது, வாளி ஆவிலிருந்து பிரித்துப் புதிதாகப் போட்டிருக்கிறது. வாளி ஆவில் இன்று காலை மில்லிக்கு 110.