மூன்று புதன்கிழமைகளும் ஒரு பதவியேற்பும்

டயாலிசிஸ் நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் இரண்டே அணிகள்தான் உண்டு. திங்கள், புதன், வெள்ளி வருபவர்கள் ஓர் அணி. செவ்வாய், வியாழன், சனி வருபவர்கள் மற்றோர் அணி. 2021 ஜனவரியில் வாஷிங்டன் நகரம் பதறிப்போயிருந்த மூன்று நாட்களும் புதன்கிழமைகளாகவே வந்தன. 6ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலுக்குள் கூட்டம் புகுந்தது. 13ஆம் தேதி அப்போதைய அதிபர் டொனால்ட் டிரம்ப் மீது பிரதிநிதிகள் சபை இரண்டாம் முறையாகப் பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. 20ஆம் தேதி ஜோ பைடன் அதிபராகப் பதவியேற்றார். கேபிடலுக்கு வடகிழக்கே, எச் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய நிலையத்தில் அப்போது நான் பொறுப்புச் செவிலியாக இருந்தேன். அந்த வாரங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை மேடையையும் வேலியையும் பற்றியவை. வேலிக்கு இப்பக்கம், வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்திகரித்தே ஆக வேண்டிய மனிதர்கள் அந்த நாட்களை எப்படிக் கடந்தார்கள் என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

6ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்குச் சற்றுப் பின்னர் கேபிடலின் ஜன்னல்கள் உடைக்கப்பட்டபோது, எங்கள் இரண்டாவது ஷிஃப்ட் நோயாளிகளுக்குச் சிகிச்சை முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரிலும் ஒரு சிறிய தொலைக்காட்சி உண்டு. எல்லாத் திரைகளிலும் ஒரே காட்சி. டயாலிசிஸில் இருப்பவர் நினைத்த மாத்திரத்தில் எழுந்து ஓட முடியாது. கையில் இரண்டு தடித்த ஊசிகள், அவற்றிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாய்களில் அவருடைய ரத்தம். வழக்கமாக, உடலிலிருந்து நீர் இறங்க இறங்க நோயாளியின் ரத்த அழுத்தம் குறையும். அது அதிகமாகக் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வேலையில் பாதி. அன்று அந்த அரை மணியில் கருவிகள் காட்டிய எண்கள் பலருக்கும் ஏறிக்கொண்டே போயின. ஒரு மூதாட்டி தன் அழுத்தம் 190ஐத் தொட்டதைத் தானே பார்த்துவிட்டு, தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னார்; அணைத்ததும், அங்கே என்ன நடக்கிறதோ தெரியவில்லையே என்று மறுபடியும் போடச் சொன்னார். பொதுமக்களின் அச்சம் என்று செய்தித்தாள்கள் எழுதுவதை அன்றைக்குத்தான் எண்களாகக் கண்ணால் பார்த்தேன்.

மேயர் மியூரியல் பௌசர் மாலை 6 மணி முதல் ஊரடங்கு அறிவித்தார். எங்கள் மூன்றாவது ஷிஃப்ட் முடியவே 7 மணிக்கு மேல் ஆகும். அத்தியாவசியப் பணியாளர்களுக்கு விலக்கு இருந்தது. நோயாளிகளை வீட்டில் இறக்கிவிடும் வாகன ஓட்டுநர்களுக்கும் அது பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. நிலையத்தின் முகவரித் தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அச்சிட்டு, நோயாளியிடம் ஒன்றும் ஓட்டுநரிடம் ஒன்றுமாகக் கொடுத்தோம். எல்லோரும் வீடு சேர்ந்தார்கள். ஆனால் அந்த இரவிலிருந்து பதவியேற்பு நாள் வரை எங்களிடம் வந்த கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: அடுத்த முறை நான் எப்படி வருவேன்?

பதவியேற்பு விழாவுக்கான சிறப்புப் பாதுகாப்பு 19ஆம் தேதி தொடங்குவதாக இருந்தது. அதை 13ஆம் தேதிக்கே முன்னகர்த்தினார்கள். ஏழடி உயர வேலியும் அதன் மேல் முள்கம்பிச் சுருளும் கேபிடலைச் சூழ்ந்தன. நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் சுமார் 25,000 தேசியக் காவல்படை வீரர்கள் வந்து இறங்கினார்கள். யூனியன் ஸ்டேஷன், ஜுடிஷியரி ஸ்கொயர் உள்ளிட்ட 13 மெட்ரோ நிலையங்கள் மூடப்பட்டு, ரயில்கள் அங்கே நிற்காமல் கடந்தன. 14ஆம் தெருப் பாலம், ரூஸ்வெல்ட் பாலம், ஆர்லிங்டன் நினைவுப் பாலம் ஆகியவை 19ஆம் தேதி காலையிலிருந்து அடைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது, வர்ஜீனியாவில் குடியிருக்கும் எங்கள் ஊழியர்களில் பாதிப் பேர், நான் உட்பட, உட்ரோ வில்சன் பாலம் வழியாக மேரிலாந்துக்குள் போய்ச் சுற்றி நகருக்குள் வர வேண்டியதாயிற்று.

இவை எதையும் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். இரு கட்சித் தலைமையகங்களுக்கு அருகிலும் 6ஆம் தேதி குழாய் வெடிகுண்டுகள் கிடந்த ஊர் அது. ஆனால் கட்டடத்தைக் காப்பதும் மக்களின் அச்சத்தைத் தணிப்பதும் இருவேறு வேலைகள் என்பதை அந்த வாரத்தில் தெளிவாகக் கண்டேன். வீரர்களின் எண்ணிக்கை 10,000, 15,000, 25,000 என்று செய்திகளில் கூடக் கூட, அவ்வளவு பேர் தேவைப்படும் அளவுக்கு என்னதான் வரப்போகிறது என்ற எண்ணமே எங்கள் நோயாளிகளிடம் வலுத்தது. 25,000 பேரின் பின்னணியையும் எஃப்பிஐ ஆராய்கிறது என்ற செய்தியும், 12 பேர் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்ற செய்தியும் அடுத்தடுத்து வந்தபோது, காவலுக்கே காவல் தேவைப்படுகிறதா என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். 1861இல் லிங்கன் பதவியேற்றபோதும் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் கூரைகளின் மேல் துப்பாக்கி வீரர்களை நிறுத்தினார் என்பதை எனக்குச் சொன்னவரும் அவரே. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஓர் ஆறுதல் இருந்தது. அப்போதும் விழா நடந்தேறியது அல்லவா?

எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின முதியவர்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது பற்றி எரிந்த தெருக்களில் எச் தெருவும் ஒன்று. அப்போதும் ராணுவம் நகருக்குள் வந்தது. ஆகவே சீருடையைப் பார்த்ததும் நிம்மதி கொள்பவர்களும், பழைய நினைவில் உடல் இறுகிப்போகிறவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அந்த நகரத்தின் மேயருக்குத் தன் ஊரின் தேசியக் காவல்படைக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது, மாநில ஆளுநர்களுக்கு இருக்கும் அந்த உரிமை அங்கே மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கள் தெருவில் நிற்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் சட்டக் கேள்வி அல்ல.

தபால் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு பெரியவரை வீரர்களோ வேலியோ கலங்கச் செய்யவில்லை. அவர் வீட்டருகே தெருமுனையில் நின்ற நீலத் தபால் பெட்டியைக் கழற்றி எடுத்துச் சென்றிருந்தார்கள். அணிவகுப்புப் பாதையில் இருக்கும் பெட்டிகளை விழாவுக்கு முன் அகற்றுவது வழக்கம்தான், நானே அந்த வேலையில் இருந்திருக்கிறேன் என்றார். ஆனால் தன் தெரு எந்த அணிவகுப்பின் பாதையிலும் இருந்ததில்லை என்று சொல்லி, ஊசி எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தபடியே வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை வரமாட்டேன், வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

அப்படிச் சொல்வதை ஏற்கவே முடியாது. திங்களன்று வந்தவர் புதனை விட்டுவிட்டால் வெள்ளி வரை நான்கு நாட்கள். அதற்குள் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். வெடிகுண்டுக்குப் பயந்து வீட்டில் இருப்பவர் வீட்டிலேயே இறந்துபோகும் சாத்தியம் உண்மையிலேயே இருந்தது. எனவே ஒவ்வொரு நோயாளியின் முகவரியையும் எடுத்துக்கொண்டு, மூடப்பட்ட தெருக்களின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, அவரவருக்கான வழியைத் தனித்தனியாகப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதினோம். எந்தத் தெரு, எந்தச் சோதனைச் சாவடி, எந்த நேரம், தடுத்து நிறுத்தினால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பவை மட்டுமே அதில் இருந்தன. கட்டுப்பாட்டு எல்லைக்குள் குடியிருந்தவர்களைச் செவ்வாய் இரவுக்கு மாற்றினோம். மற்றவர்களுக்குப் புதன் அதிகாலை மூன்றரை மணிக்கே நிலையத்தைத் திறப்பது என்று முடிவானது. நாள் மாற்றப்பட்டவர்கள் தண்ணீரை அளந்து குடிக்கவும், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றை அறவே தவிர்க்கவும் மீண்டும் மீண்டும் சொன்னோம். நகருக்குள் இரவு தங்க அறை பதிவு செய்திருந்த ஊழியர் ஒருவரின் பதிவு ரத்தாகிவிட்டதால், அவர் உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது நோயாளிகளின் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை, அதுவரை நாங்கள் சொன்ன எந்த ஆறுதல் மொழியும் கொண்டுவரவில்லை. தபால்காரப் பெரியவர் தன்னுடையதை வாங்கிப் படித்து, ஒரு தெருவின் பெயரைத் திருத்தி, அந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்று வேறு வழி எழுதிக் கொடுத்தார். பிறகு இன்னும் சிலருடைய தாள்களையும் அவரே சரிபார்த்தார். புதன்கிழமை வரமாட்டேன் என்ற பேச்சு அதற்குப் பின் அவரிடம் எழவில்லை.

18ஆம் தேதி திங்கள் காலை, விழா ஒத்திகையின்போது கேபிடலைச் சட்டென்று பூட்டினார்கள். தொலைக்காட்சியில் புகை தெரிந்தது. நாற்காலிகளில் அமைதி கவிந்தது. சில தெருக்கள் தள்ளி, பாலத்தடியில் வீடற்றவர்கள் தங்கியிருந்த இடத்தில் பிடித்த தீ என்று சற்று நேரத்தில் தெரியவந்தது. விழாவுக்கு ஆபத்தில்லை என்ற அறிவிப்போடு செய்தி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. ஜனவரிக் குளிரில் அந்த மனிதர்களின் இருப்பிடம் எரிந்ததைப் பற்றி எங்கள் நோயாளிகள்தான் அன்று முழுதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் அம்மா அந்த நாட்களில் மன்னார்குடியிலிருந்து தினமும் அழைத்தார். துணை அதிபராகப் பதவியேற்கவிருந்த கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே கோயிலில் பூஜையும் தெருவில் கோலமும் பதாகையுமாக இருந்த உற்சாகத்தை அம்மா சொல்லச் சொல்ல, இங்கே நான் வழித்தாள்களை மடித்துக்கொண்டிருந்தேன். இங்கும் அமெரிக்காவெங்கும் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து விழாவுக்காகக் கோலம் வரைந்திருந்தார்கள். பாதுகாப்புக் கெடுபிடியால் அதை வெளியில் பரப்பி வைக்க வழியில்லாமல் காணொளியாக மாற்ற வேண்டியதாயிற்று. திறந்தவெளியில் எல்லோரும் கூடிப் பார்ப்பதற்கென்றே உள்ள ஒன்று திரைக்குள் போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

20ஆம் தேதி அதிகாலை, பட்டியலில் இருந்த அனைவரும் வந்து சேர்ந்தார்கள். ஒரு சோதனைச் சாவடியில் வெளிமாநிலத்திலிருந்து வந்த இளம் வீரர் ஒருவருக்கு எங்கள் தெருவின் பெயரே தெரியவில்லை. நோயாளி தன் தாளை நீட்ட, அவர் அதை ஒளிப்படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிய பின்பு வண்டியை விட்டார். நண்பகலுக்கு முன் பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தார்கள். வழக்கமாக 2 லட்சம் அனுமதிச் சீட்டுகள் வழங்கப்படும் விழாவில் அன்று சுமார் ஆயிரம் பேர் அமர்ந்திருந்தார்கள். மக்கள் நிற்கும் திடலில் கொடிகள் நடப்பட்டிருந்தன. 6ஆம் தேதி கூட்டத்தைத் திசைதிருப்பிய காவலர் யூஜீன் குட்மேன், கமலா ஹாரிஸுடன் நடந்து வந்தபோது கடைசி நாற்காலியில் இருந்தவர் கைதட்ட முயன்று, ஊசி குத்திய கை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

கேபிடலைச் சுற்றிய உள்வேலி அந்த ஜூலை வரை நின்றது. டிரம்ப் மீண்டும் பதவியேற்ற 2025 ஜனவரி 20 திங்கட்கிழமை. மறுபடியும் அதே அணியின் நாள். முந்தைய ஆண்டில் டிரம்பைச் சுட முயன்ற நிகழ்வுகளால் பாதுகாப்பு மீண்டும் கடுமையாக இருந்தது. குளிரின் காரணமாக விழா கேபிடலின் வட்ட மண்டபத்துக்குள் மாற்றப்பட்டபோதும் தெருத் தடைகள் நீடித்தன. பழைய வழித்தாள்களை எடுத்து, தெருக்களைப் புதுப்பித்து, இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டோம். மருத்துவப் போக்குவரத்துக்கான வழிகளையும் விழா வரைபடத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. அடுத்த பதவியேற்பு 2029 ஜனவரி 20, சனிக்கிழமை. செவ்வாய், வியாழன், சனி அணிக்கு இந்த அனுபவம் இல்லை என்பதால், அவர்களுக்கான முகவரிப் பட்டியலை இப்போதே தொடங்கிவிட்டோம்.